இஞ்சினை உட்கார வைத்த நாள்

கணவர் காருக்கு அடியில் படுத்திருந்தார். வெளியே தெரிந்தவை இரண்டு கால்கள் மட்டும்தான். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த மனைவிக்கு அந்தக் கால்களே நிலவரம் சொல்லின. பெருவிரல் நிமிர்ந்தால் போல்ட் அசைந்துவிட்டது என்று அர்த்தம்; குதிகால் தரையைத் தேய்த்தால் அசையவில்லை. காலையிலிருந்து தேய்ப்புதான்.

முதுகில் ஆபரேஷன் முடிந்து வீட்டோடு முடங்கிக் கிடந்தவள், நாளை நூலக வேலைக்குத் திரும்ப வேண்டும். பஸ் கூடவே கூடாது, குலுங்காத கார் என்றால் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இவர்கள் காரோ சிக்னலில் நின்றாலே கடகடவென்று ஆடும். இஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுன்ட்டுகள் நைந்து போயிருந்தன. நாளைக்கும் போக முடியாவிட்டால் மறுபடி விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்க வேண்டியதுதான். நினைத்தாலே அவளுக்கு அழுகை முட்டியது.

"என் தம்பியைக் கூப்பிட்டா மதியத்துக்குள்ள முடிச்சுக் குடுத்துடுவான்."

"மவுன்ட்டையும் மாத்துவான், என் மானத்தையும் வாங்குவான்" என்றது காருக்கடியிலிருந்து குரல்.

அதிலும் நியாயம் இருந்தது. ஒர்க் ஷாப் வைத்திருக்கும் தம்பி, இவர் ஒருமுறை வைப்பரைத் தலைகீழாக மாட்டிய கதையைக் கல்யாண வீடு, துக்க வீடு என்று பார்க்காமல் சொல்லித் திரிகிறவன்.

ஒருவழியாகப் பழைய மவுன்ட்டுகள் வெளியே வந்தன. பலகை வைத்த ஜாக்கி இஞ்சினைத் தாங்கிக்கொண்டிருக்கும்போதே புதியதை மாட்டி, ஒவ்வொரு போல்ட்டையும் பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினார். ஜாக்கியை எடுத்துவிட்டுச் சாவியைத் திருப்பினார். கார் முன்னைவிட மோசமாக உதறியது.

"முன்னாடி ஆட்டம் மட்டும்தான். இப்போ பாட்டும் சேர்ந்துடுச்சு" என்றாள்.

அவர் கிரீஸ் கையோடு அப்படியே நின்றார். அவளுக்கே பாவமாகிவிட்டது.

"ஏங்க, ஜாக்கி தாங்கிட்டு இருக்கும்போதேவா இறுக்குனீங்க?"

"பின்ன எப்போ இறுக்குறது?"

"ஆபரேஷனுக்கப்புறம் என் இடுப்பு பெல்ட்டையும் இப்படித்தானே, படுத்திருக்கும்போதே இறுக்கிவிட்டீங்க? எழுந்து உக்காந்ததும் எனக்கு உயிர் போச்சு. நர்ஸ் என்ன சொல்லித் திட்டினாங்க?"

அவர் இஞ்சினைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "முதல்ல உக்காரணும். அப்புறம்தான் இறுக்கணும்."

"இதுவும் பாவம், முதல்ல உக்காரட்டுமே."

எல்லா போல்ட்டையும் தளர்த்தினார். இஞ்சினைப் பிடித்து ஓர் ஆட்டு ஆட்டி, அதன் பாரம் ரப்பரில் முழுதாக இறங்கும்வரை விட்டார். பிறகுதான் மறுபடி காருக்கடியில் படுத்து ஒவ்வொன்றாக இறுக்கினார். பெருவிரல்கள் வரிசையாக நிமிர்ந்தன.

சாயங்காலம் அவளைக் கைத்தாங்கலாக முன்சீட்டில் உட்கார வைத்தார்.

"ஸ்டார்ட் பண்ணுங்க."

"பண்ணிட்டேனே."

அவள் கதவில் கை வைத்துப் பார்த்தாள். அசைவே இல்லை. ஆனால் கியர் மேல் இருந்த அவர் கை நகரவேயில்லை.

"என்னாச்சு?"

"அன்னிக்கு ஆஸ்பத்திரிக்குப் போகும்போது இதே சீட்லதான் நீ வலியில கத்தினே. ஓட்டிட்டிருந்தது நான். அதுக்கப்புறம் இந்த சீட்டைப் பார்க்கவே பயமா இருக்கு."

காரைத் தானே சரிசெய்வேன் என்று அவர் நின்றதை வெறும் வீம்பு என்றுதான் இதுவரை நினைத்திருந்தாள்.  அந்தக் கிரீஸ் கையின் மேல் தன் கையை வைத்து அழுத்தினாள்.

"நான் கத்தினா நிறுத்துங்க. அதுவரைக்கும் போய்க்கிட்டே இருங்க."

அவர் கியரைப் போட்டார்.