எல்லோரும் மஞ்சளில்

கீங்... கீங்... கீங்...

விடிந்தும் விடியாத நேரத்தில் சுவரில் மாட்டியிருந்த சார்ஜர் பெட்டி அலறியது. மாடியில் வீட்டுக்கார பிலோமியம்மாள் ஜன்னலைத் திறந்து திட்டத் தொடங்குவதற்குள், கீழ்வீட்டு நோயல் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்து அதன் வாயை அடைத்தான். பெட்டியில் சிவப்பு விளக்கு. காரின் திரையைப் பார்த்தான். இராத்திரி முழுக்கக் குடித்தும் வண்டிக்குப் பாதி வயிறுகூட நிரம்பியிருக்கவில்லை.

திருவொற்றியூரிலிருந்து ஒரகடம் வரை போய்த் திரும்ப வேண்டிய வண்டி அது.

ஆன்சிக்கு ஒரகடத்து மருந்துக் கம்பெனி லேபில் வேலை கிடைத்தபோது, கம்பெனி ஹாஸ்டலில் தங்கிக்கொண்டு வாரக்கடைசியில் வந்து போகலாம் என்று அவள் அம்மா வீட்டில் ஒரு பேச்சு எழுந்தது. நோயல் குதித்தான். கல்யாணமாகி முதல் கிறிஸ்துமஸ்கூட வரவில்லை, அதற்குள் பெண்டாட்டி ஹாஸ்டலிலா? தினமும் நானே கொண்டுபோய் விடுகிறேன் என்று சூளுரைத்து, அந்த வேகத்திலேயே எலெக்ட்ரிக் காரையும் வாங்கிவிட்டான்.

திட்டம் நன்றாகத்தான் நடந்தது. இருட்டோடு ஆன்சி எழுந்து தண்ணீர் பிடித்து, இருவருக்கும் சமைத்துக் கட்டிக்கொண்டு காரில் ஏறுவாள். மாதவரம் தாண்டும் முன் கண்ணாடியில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிடுவாள். நோயல் தன் வேலையிடத்தில் நடந்த கதையெல்லாம் ஒரகடம் வரை சொல்லிக்கொண்டு போவான். திரும்பி வந்து, அதே காரில் காட்டுப்பள்ளிப் பக்கம் கன்டெய்னர் யார்டுக்கு மதிய ஷிப்டுக்குப் போவான். மாலையில் ஆன்சி கம்பெனி பஸ், மெட்ரோ என்று மாறி மாறி வந்து, சமைத்து மூடிவைத்துவிட்டுப் படுப்பாள். நோயல் வந்து காருக்குச் சார்ஜ் போட்டுவிட்டு, தூங்குகிற மனைவியைப் பார்த்தபடி ஆறிய குழம்பை ஊற்றிச் சாப்பிடுவான். ஒரே வீட்டில் இருக்கிறோம், அது போதாதா என்பது அவன் கட்சி.

அந்தக் கட்சிக்குத்தான் இப்போது ஆபத்து. சில வாரங்களாக வண்டிக்குச் சார்ஜ் ஏறுவதே இல்லை. வழியில் பொதுச் சார்ஜிங் இடத்தில் வரிசையில் நின்று ஏற்றிக்கொண்டு போனால் ஆன்சிக்கு லேட். பெட்டி அலறிய அந்த வெள்ளிக்கிழமையும் லேட். இரவு நோயல் வரும்வரை விழித்திருந்து சொன்னாள். இனி ஒருநாள் தாமதமானாலும் ஹாஸ்டல் ரூம் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான் என்று கம்பெனியில் சொல்கிறார்களாம். சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பாவம், பயந்துபோயிருக்கிறாள் என்று நோயல் முடிவுகட்டினான்.

அவன் செய்யாத வைத்தியம் இல்லை. சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனால் அங்கே வண்டி யானை தண்ணீர் குடிப்பதுபோல் மடமடவென்று குடித்தது. "வண்டி கிண்ணுனு கீது சார், உங்க வூட்டுக் கரண்ட்டப் பாருங்க" என்று சாவியைக் கையில் கொடுத்தார்கள். எலெக்ட்ரீஷியன் கலீலுல்லா பிளக்கை மாற்றினார். பிறகு கட்டைவிரல் கனத்துக்கு ஒயரை மாற்றினார். பிறகு எர்த் சரியில்லை என்று குழி தோண்டி உப்பும் கரியும் கொட்டினார். அந்தக் குழிக்கு நோயல் ரோஜாச் செடிக்கு ஊற்றுவதுபோல் தினமும் தண்ணீர் ஊற்றினான். பிலோமியம்மாள் தன் பங்குக்கு வேளாங்கண்ணித் தீர்த்தத்தைக் கொண்டுவந்து சார்ஜர் பெட்டியின் மேலேயே தெளிக்கப் போனார். நோயல் இரண்டு கையையும் நீட்டிக் குறுக்கே விழுந்து தடுத்தான்.

எதற்கும் பெட்டி மசியவில்லை. ஊர் ஏசி போடுகிற நேரத்தில் வோல்டேஜ் சரிந்து விழும். உடனே பெட்டி கரண்டைக் குறைத்துக்கொள்ளும், அல்லது கோபித்துக்கொண்டு நின்றுவிடும். மொட்டைமாடியில் ஏறினால் வடக்கே அனல்மின் நிலையத்துப் புகைக்கூண்டுகள் வரிசையாகத் தெரியும். ஊருக்கெல்லாம் அங்கிருந்து மின்சாரம் போகிறது, எதிரிலேயே இருக்கிற தனக்கு மட்டும் சொட்டுகிறதே என்று நோயல் பல்லைக் கடித்தான்.

ஞாயிறு மாலை அந்த எரிச்சலோடுதான் பக்கத்து வீட்டு மொஹ்சினிடம் போனான். இருவரும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே பெஞ்சு. மொஹ்சின் வியர்த்து வழிந்துகொண்டு ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தான்.

"எங்க வூட்டு ஃபேனே யோசிச்சி யோசிச்சி சுத்துது மாமு. இதுல உன் காருக்கு எங்கேர்ந்து ஏறும்?"

நோயலின் பார்வை சுவரில் இருந்த ஃபேஸ் மாற்றும் குமிழில் போய் நின்றது. அந்தத் தெருவில் வீட்டுக்கு மூன்று ஃபேஸில், மூன்று தனித்தனிக் கம்பிகளில், மின்சாரம் வரும். சிவப்பு, மஞ்சள், நீலம். ஒன்று செத்தால் குமிழைத் திருப்பி இன்னொன்றுக்கு மாறிக்கொள்வார்கள். மொஹ்சின் வீட்டுக் குமிழ் மஞ்சளில் நின்றது. தன் வீட்டிலும் மஞ்சள்தான் என்பது நோயலுக்கு நினைவு வந்தது.

"இத்த யாரு மஞ்சள்ல போட்டது?"

"யாரா? நல்லாக் கேட்ட போ. மழையப்போ வூடு வூடா வந்து மஞ்சளுக்குத் திருப்பு, மஞ்சளுக்குத் திருப்புனு கூவிகினு போனது யாரு, எங்க நைனாவா? எதிர்வூட்டு செங்கொடிக்காவுக்கு நீயே ஸ்டூல் போட்டு ஏறித் திருப்பிட்டு வந்தியே."

உண்மைதான். புயல் மழையில் சிவப்பும் நீலமும் செத்து, மஞ்சள் மட்டும் உயிரோடு இருந்த நாட்களில் நோயல்தான் தெருவுக்கே வழிகாட்டி. அப்புறம் மின்வாரியத்து ஆட்கள் வந்து மூன்றையும் சரிசெய்துவிட்டுப் போனார்கள். ஆனால் எரிகிற விளக்கை அணைத்து எவன் குமிழைத் திருப்புவான்? மஞ்சள் மங்களகரம் என்று பிலோமியம்மாள்கூடத் தொடவில்லை. கோடை வந்தது, வீட்டுக்கு வீடு ஏசி ஓடியது, மொத்தத் தெருவும் ஒரே கம்பியில் தொங்கியது. பக்கத்தில் சிவப்பும் நீலமும் காலியான பஸ் மாதிரி ஓடிக்கொண்டிருந்தன.

இதை நோயல் சொல்லி முடிப்பதற்குள் மொஹ்சின் எழுந்து குமிழில் கை வைத்தான். நோயல் பாய்ந்து அந்தக் கையைப் பிடித்தான்.

"மாமு, அவசரப்படாத. எல்லாரும் நீலத்துக்கு வந்துட்டா, அப்பால அதுவும் மஞ்சளாப் பூடும்."

"அப்போ நான் வெந்து சாவணுமா?"

கடைசியில் பேரம் படிந்தது. மொஹ்சின் சிவப்புக்குப் போவது, நோயல் நீலத்துக்குப் போவது, வெளியே மூச்சு விடுவதில்லை. வீட்டுக்கு வந்து நோயல் குமிழைத் திருப்பிவிட்டுச் சார்ஜ் போட்டான். பெட்டி பச்சை விளக்கைக் காட்டி, நல்ல பிள்ளையாக உறுமத் தொடங்கியது. கெட்டதைத் தெரு முழுக்கக் கூவிச் சொன்னவன் நல்லதை வாய்க்குள் பூட்டிக்கொண்டான். அந்த மாலைப் பூசையில் சற்று உறுத்தத்தான் செய்தது. ஆன்சியின் வேலை நிரந்தரமானதும் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்துகொள்ளலாம் என்று ஒத்திப்போட்டான்.

திங்கட்கிழமை விடியலில் எந்தச் சத்தமும் இல்லை. நோயல்தான் சத்தம் போட்டு ஆன்சியைக் கூப்பிட்டான். திரையில் நூறு. புயல், மஞ்சள், மொஹ்சின் என்று ஒரே மூச்சில் கொட்டி முடித்தான். இனி ஒருநாளும் லேட் ஆகாது என்றான். ஹாஸ்டலில்தான் இரு என்று அவளை மிரட்டிய கம்பெனிக்காரன் முகத்தை இன்று பார்க்க வேண்டும் என்றான்.

ஆன்சி சாப்பாட்டுப் பையைப் பின்சீட்டில் வைத்தாள். முன்னால் ஏறி உட்கார்ந்து, அந்த நூறையே பார்த்துக்கொண்டிருந்தாள். நோயல் கிளம்பவில்லை. அவள் ஒரு வார்த்தை பாராட்டட்டும் என்று ஸ்டியரிங்கைப் பிடித்தபடி காத்திருந்தான்.

"ஹாஸ்டல்ல நான் கேட்டுக் கேட்டு வாங்குன ஜன்னலோர ரூமு, இப்போ வேற யாருக்காச்சும் பூடுமே நோயலு."