சிறப்புப் பேச்சாளர் கிளம்பிவிட்டார்

கலாசார மையத்தில் அவருக்கு வெண்கலம் என்று பேர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. இருபத்திரண்டு வருடமாக அந்த மேடையில் "அடுத்ததாக..." என்று இழுத்த குரலுக்குக் கிடைத்த பட்டம்தான் கடைசியில் நிலைத்தது. பகலில் கண்ணாடிக் கடை வேலை. எழுத்து அட்டையைக் காட்டி, "இது தெளிவா இருக்கா, அதுவா?" என்று நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருப்பார். ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஜிப்பாவை மாட்டிக்கொண்டு மைக்கைப் பிடித்துவிடுவார். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். பிழைத்தார், மறுக்கவில்லை. அதே வாயால் கெட்டுப்போனதையும் சொல்லத்தானே வேண்டும்.

மையம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். மருந்துக் கடைக்கு மேலே இரண்டாவது மாடி, நூற்றைம்பது மடக்கு நாற்காலி, மேடைக்குப் பின்னால் ஒரே ஓர் அறை. சலங்கை கட்டுவதும் டீ போடுவதும் பேச்சாளரின் பொன்னாடையை இஸ்திரி போடுவதும் அதற்குள்தான். மாதம் ஒரு சொற்பொழிவு, அதன் பிறகு குழந்தைகளின் நடனம். சொற்பொழிவை முதலில் வைப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. பிள்ளை ஆடுவதைப் பார்க்க வந்த பெற்றோர், வேறு வழியில்லாமல் பேச்சையும் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

அப்படி ஒரு நாள்தான் வினை வந்தது. ஆறு வருடத்துக்கு முன்பு. பேச வந்தவர் வெண்கலத்தின் அத்தான், கூடப் பிறந்த அக்காவின் கணவர், வரலாற்றுப் பேராசிரியர். தலைப்பு, "நம் முன்னோர் நேரத்தை அளந்த விதம்". முன்னோர் அளந்தார்களோ என்னவோ, அத்தான் அளக்கவில்லை. நாற்பது நிமிடப் பேச்சு ஒன்றரை மணி நேரத்தைத் தொட்டது. உள்ளே அரிதாரம் பூசிய குழந்தைகள் வியர்த்து அழ ஆரம்பித்தன. "நேரம் முடிந்தது" என்று வெண்கலம் துண்டுச் சீட்டு அனுப்பினார், ஒன்றல்ல, மூன்று. அத்தான் மூன்றையும் படித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தொடர்ந்தார். வெண்கலம் போய் மைக்கின் சத்தத்தை மொத்தமாகக் குறைத்துவிட்டார்.

நூற்றைம்பது பேர் முன்னால் ஒரு பேராசிரியர் இரண்டு நிமிடம் வெறும் வாயசைத்தார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அத்தான் கண்ணாடியைக் கழற்றி உறையில் போட்டார், மேடையை விட்டு இறங்கினார், அவ்வளவுதான். வெட்டு ஒன்று துண்டு இரண்டு. அந்த வீட்டுக் கதவு வெண்கலத்துக்கு மூடிக்கொண்டது. மருமகன் கல்யாணத்துக்குக்கூட அழைப்பு வரவில்லை. தாய்மாமன் இல்லாமலே நடந்தது.

அத்தான் முகம் திருப்பியதை அவர் பொறுத்துக்கொண்டார். அக்கா பேசாததைத்தான் பொறுக்க முடியவில்லை. ஏழு வயதில் அம்மாவை இழந்தவரைக் குளிப்பாட்டி, தலைவாரி, எழுத்துச் சொல்லிக் கொடுத்து ஆளாக்கியவள் அவள். அக்கா இருக்கும்போதே அக்கா இல்லாதவனாக ஆறு வருடம் இருந்தார்.

போன மாதம் மானத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டுக் கடிதம் எழுதினார். "தப்பு என்னுடையது அத்தான். விட்ட பேச்சை அதே மேடையில் முடித்துக் கொடுங்கள். அக்காவிடம் ஒரு வார்த்தை பேச விடுங்கள்." பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. "வருகிறேன். மைக்கை நீ தொடக் கூடாது. உன் அக்காவிடம் அன்று நீயே பேசிக்கொள்." வெண்கலம் அதைக் கடையில் எல்லோருக்கும் படித்துக் காட்டினார், முதலாளி உட்பட.

அந்த ஞாயிறு நான்கு மணிக்கு நிகழ்ச்சி. மூன்றரைக்கே அத்தான் வீட்டு வாசலுக்கு டாக்சி சொல்லியிருந்தார். மூன்றே முக்காலுக்கு அத்தானின் கைப்பேசிக்கு அழைத்தார். அறைக்குள் இருபது குழந்தைகள் சலங்கையோடு குதிக்கின்றன. வெளியே ஒருவர் "ஹலோ, ஒன், டூ, த்ரீ" என்று மைக்கைச் சோதிக்கிறார். அது வீல் என்று கத்துகிறது. எடுத்தது அக்கா.

"அக்காவா?" என்றார் வெண்கலம்.

"தம்பி..." குரல் உடைந்திருந்தது. "அவர் போயிட்டாருடா."

ஆறு வருடம் கழித்துப் பேசுகிறாள், அழத்தானே செய்வாள் என்று நினைத்தார். அவருக்கும் கண் நிறைந்துவிட்டது.

"ரொம்ப சந்தோஷம்க்கா! எவ்வளவு சந்தோஷம்னு சொல்லத் தெரியல. இந்த நாளுக்காகத்தான் ஆறு வருஷமா காத்துக்கிட்டிருந்தேன். அழாத. நிகழ்ச்சி முடிஞ்சதும் நேரா உன்கிட்டதான் வரேன்."

பதில் வரவில்லை. சத்தத்தில் கேட்கவில்லையாக்கும் என்று வைத்துவிட்டார். கைப்பேசியை ஒலிக்காதபடி மாற்றி ஜிப்பாவுக்குள் போட்டார். இருபத்திரண்டு வருடப் பழக்கம்.

"நமது சிறப்புப் பேச்சாளர் கிளம்பிவிட்டார்" என்று நான்கு மணிக்கு அறிவித்தார். நாலேகாலுக்கு, "வந்துகொண்டே இருக்கிறார்." நாலரைக்கு முன்வரிசையில் இருந்த மையத் தலைவரான டயர் வியாபாரி கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். வெண்கலம் சளைக்கவில்லை. "போன தடவை பேராசிரியர் நம்மைக் காக்க வைத்தது பேசி. இந்தத் தடவை பேசாமலே!" கூட்டம் சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்தார். அன்று அவர் பேசியதில் நன்றாக எடுபட்ட நகைச்சுவை அதுதான் என்பதை இனி அவரால் மறக்க முடியாது.

புல்லாங்குழல் படிக்கிற ஒரு பெண்ணை இடத்தை நிரப்ப ஏற்றிவிட்டு ஓரமாக ஒதுங்கினார். கைப்பேசியில் ஒரே எண்ணிலிருந்து ஏழு அழைப்பு. திருப்பி அழைத்தார். டாக்சிக்காரர்.

"சார், நீங்க சொன்ன வாசல்லதான் நிக்கறேன். மூன்றரையிலேருந்து நிக்கறேன். யாருமே கீழ இறங்கலியே. இருக்கவா, போகவா?"

"அவர் அப்பவே கிளம்பிட்டாரே..." என்றவர் பாதியில் நின்றார். அக்கா கிளம்பிட்டார் என்று சொல்லவில்லை. வந்துக்கிட்டிருக்கார் என்றும் சொல்லவில்லை. புதிதாக மைக் பிடிக்கிற பிள்ளைகளுக்கு இவரே படித்துப் படித்துச் சொல்லுவார்: "பெரியவங்களைப் பத்தி 'போயிட்டார்'னு மேடையில சொல்லிடாதீங்க. கேக்கறவங்களுக்குத் தூக்கிவாரிப் போடும்." மேடையில் வார்த்தைக்கு வார்த்தை காவல் காத்த மனிதர், காதில் விழுந்ததைக் கோட்டைவிட்டார்.

"என்னய்யா, என்ன அறிவிக்கறது?" என்று தலைவர் எழுந்து வந்தார்.

"நீங்களே ஏதாவது சொல்லிக்கங்க" என்று படியிறங்கி ஓடினார் வெண்கலம்.

வண்டியில் போகும்போது அவருக்கு அம்மா இறந்த நாள் நினைவு வந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவனை வாசலிலேயே பிடித்துக்கொண்டு, "அம்மா போயிட்டாங்கடா" என்றாள் அக்கா. "எப்ப வருவாங்க?" என்று கேட்டவன் இவர். அன்றைக்கு ஏழு வயது, மன்னிக்கலாம். இப்போது ஐம்பத்தெட்டு.

ஐந்தாவது மாடி. கதவு தாழிடப்படாமல் இருந்தது. கூடத்தில், செருப்பு வைக்கிற இடத்தருகே, அத்தான் தரையில் கிடந்தார். வெளுத்த சட்டை, ஒரு காலில் மட்டும் ஷூ. அக்கா அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தாள். வேறு யாரும் இல்லை. விளக்குகூடப் போடவில்லை.

"வந்துட்டியா?" என்றாள். "நிகழ்ச்சி முடிஞ்சுதா?"

வெண்கலம் அவளருகே மண்டியிட்டார். "அக்கா, யாருக்குமே சொல்லலியா? பக்கத்து வீடு, டாக்டர், உன் பையன்..."

"உனக்குச் சொன்னேனே. முதல்ல உனக்குத்தான் சொல்லணும்னு தோணிச்சு. குனிஞ்சு ஷூ போட்டுக்கிட்டே, 'உன் தம்பி காத்துக்கிட்டிருப்பான்'னாரு. அப்படியே சாஞ்சுட்டாரு. கையில அவர் போன் இருந்துது. அதுல நீ கூப்பிட்டே."

"நான் அவர் மையத்துக்குக் கிளம்பிட்டாருன்னு நெனச்சேன்க்கா. சத்தத்துல... சத்தியமா. அதுக்குத்தான் சந்தோஷம்னேன்."

அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை. சின்ன வயதில் அவர் பொய் சொல்லும்போது பார்க்கிற அதே பொறுமை.

"நீ வார்த்தையில பொழைக்கறவன்டா" என்றாள். "நாளைக்குள்ள இதைவிட நல்லதா ஒண்ணு கிடைச்சுடும் உனக்கு."

"அக்கா, நான் சொல்றது நிஜம்."

"சரி. நிஜமாவே இருக்கட்டும். ஒண்ணரை மணி நேரமா அந்தச் சந்தோஷத்தைக் கேட்டுக்கிட்டுத்தான் இவர்கூட உக்காந்திருந்தேன். அதை இனிமே என்ன பண்ணுவ?"

வெண்கலம் எழுந்து விளக்கைப் போட்டார்.

"காலைப் பிடி" என்றாள். "கட்டில்ல படுக்க வைக்கணும். எனக்குத் தூக்க முடியல."

இருவருமாகத் தூக்கினார்கள். அத்தான் உடம்பு கனத்தது. படுக்க வைத்ததும் அக்கா ஷூவைக் கழற்றினாள், சட்டையை இழுத்து நேராக்கினாள், கண்ணாடியைக் கழற்றி மடக்கினாள். உதவிக்குக் கை நீட்டிய தம்பியைத் தடுத்தாள்.

"போதும். நீ வெளியில இரு. பையனுக்கு நான் பேசணும்."

வெண்கலம் வராந்தாவில் நின்றார். கதவு முழுக்கச் சாத்தப்படவில்லை. அக்கா யாருடைய சாவையும் சாவு என்று சொல்லிக் கேட்டதில்லை அவர். பக்கத்து வீட்டுப் பூனைக்குக்கூட "போயிடுச்சு" என்பாள். உள்ளே எண்களை அழுத்துகிற ஓசை கேட்டது.

"டேய், அம்மா பேசறேன். அப்பா செத்துட்டாரு." அந்தப் பக்கம் என்ன சொன்னானோ, அவள் மறுபடியும், ஒவ்வொரு எழுத்தாக நிறுத்திச் சொன்னாள். "செத்துட்டாருப்பா. செத்துட்டாரு. புரிஞ்சுதா?"

வெளியே நின்றவருக்கு எல்லாம் தெளிவாகக் கேட்டது.