கோக்கியைக் கழித்த மிச்சம்

1

இந்தக் கதை ஒரு சோற்றுப்பானையில் தொடங்கியது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புவேர்ட்டோ ரிக்கோவின் மாயாகுவெஸில், எங்கள் ஆய்வகத்துக்குப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் பெகாவுக்காக, அதாவது பானையில் அடிப்பிடித்த சோற்றுக்காக, என்னோடு வேலை செய்யும் எஃப்ராயினும் நெரெய்டாவும் சண்டை போட்டதைப் பார்த்தேன். சுரண்டித் தின்றவன் எஃப்ராயின்தான். மற்றதெல்லாம் நான் கட்டியது.

(முதலில் எழுதிய தொடக்கம்: 'மழை விட்ட ஒரு மாலையில் நெரெய்டா தன்...' மழையோடு தொடங்கிய கதைகள் போதும். ஆனாலும் அந்த வரியை அடிக்கவில்லை. கிடக்கட்டும்.)

2

நெரெய்டா ஒரு கோப்பு வடிவத்தை உருவாக்குகிறாள். காட்டில் பதிவான ஒலி எந்தெந்தப் படிகளைக் கடந்து என்னவானது என்பதை, எந்தக் கணினியும் திரும்பச் செய்து பார்க்கும்படி சொல்லும் கோப்பு. ஒவ்வொரு படிக்கும் உள்ளே வர ஒரு வாசல், வெளியே போக ஒரு வாசல். நாளை மற்றத் தீவுகளின் ஆய்வகங்களுக்கு அனுப்ப வேண்டும். (அனுப்பியபின் மாற்றினால் அத்தனை பேரின் நிரலும் படுத்துவிடும்.)

எஃப்ராயின் தவளை ஆள். எங்கள் மலையில் பல வருடங்களாக யாரும் கேட்டிராத ஒரு சின்னத் தவளையைத் தேடுகிறான். அதற்கு முதல் படி கோக்கிகளை நீக்குவது. தீவு முழுக்க 'கோக்கி, கோக்கி' என்று கத்தும் அந்தத் தவளைகளைக் கழிக்காமல் வேறெதுவும் காதில் விழாது. கழித்ததும் மூலப் பதிவு அழிந்துவிடும், கணினி வட்டில் இடமில்லை.

"கழிச்சது எங்க போகுது?" என்றான் எஃப்ராயின்.

"எங்கயும் போகல. குப்பை."

"குப்பைக்கும் வெளிய போக ஒரு வாசல் வையேன்."

"ஒரு வெளிவாசலுக்குக் கையேடு எழுதியே எனக்குக் கண்ணு பூத்துப்போச்சு. ரெண்டுன்னா எல்லாரும் ரெண்டையும் வாங்கி வைக்கணும். பானைய சுரண்டுற புத்தி உன்ன விடாதா?"

"நம்ம தீவோட செல்லம் கோக்கிய குப்பைன்னு சொன்ன மொத புவேர்ட்டோ ரிக்கோக்காரி நீதான். வெளிய சொல்லிடாத, அடிப்பாங்க."

(எஃப்ராயினுக்குத் தொலைநோக்கு என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கே அவன்மேல் சந்தேகம்தான். அறுந்த செருப்பைக்கூடத் தூக்கிப்போட மனம் வராதவன், அவ்வளவுதான்.)

3

அவன் வாயை அடைக்கவே, கழிவுக்கென்று இரண்டாம் வெளிவாசலை வைத்து நெரெய்டா ஒரு பதிவை ஓட்டினாள். சுத்தமான பக்கத்தில் இலைச் சத்தமும் பூச்சிச் சத்தமும். பிறகு கழிவை ஒலிக்கவிட்டாள். கோக்கி, கோக்கி, கோக்கி. அதற்கடியில், அதே சுருதியை ஒட்டிக்கொண்டு, மெல்லியதாக ஏதோ ஒன்று தட்டியது. நின்றது. மறுபடி தட்டியது.

எஃப்ராயின் வாயிலிருந்த சோற்றை மெல்லவில்லை. நெரெய்டா ஒலியைக் கூட்டினாள். இதுவரை எத்தனை பதிவுகளில் இதையும் சேர்த்துத் தானே அழித்தாளோ. தன் கையளவு நிரலுக்கு முன்னால் அந்தக் காடு எவ்வளவு பெரியது என்று அவளுக்குப் பயமாகவும் இருந்தது, கும்பிட வேண்டும் போலவும் இருந்தது.

"அதுவா? நீ தேடுறதா?"

"இன்னொரு தடவ போடு."

4

இரண்டு முடிவுகள் வைத்திருந்தேன். ஒன்றில் அது தவளை, எஃப்ராயின் அழுகிறான். இன்னொன்றில் பதிவுப் பெட்டிமேல் சொட்டிய தண்ணீர். நெரெய்டா சிரித்துக்கொண்டே அந்த வாசலை அடை

அந்த வாக்கியத்தைப் பாதியிலேயே நிறுத்திவிட்டேன். அவன் பதில் சொல்வதற்கு முன்பே அவள், ஒவ்வொரு படிக்கும் இரண்டாம் வெளிவாசல் கட்டாயம் என்று எழுதி, அதற்கு 'பெகாவ்' என்று பெயரும் வைத்துவிட்டாள். பதிலுக்கு அவளே காத்திருக்கவில்லை. நான் ஒரு முடிவைச் சொன்னால் மற்றது கழிந்துபோகும்.

மூலப் பதிவு அழிந்துவிட்டது. இந்த மிச்சம் மட்டும்தான் இருக்கிறது. மறுபடி ஓடுகிறது. கோக்கி, கோக்கி. அதற்கடியில் கேளுங்கள்.