வண்டு துளைத்த மணி

விதைத்து ஒன்பது நாள் ஆகியும் பெரியவனின் வயலில் ஒரு முளைகூட வெளியே வரவில்லை. வரப்புக்கு அந்தப் பக்கம் தம்பியின் வயலில் மக்காச்சோளம் இரண்டு விரல் உயரம் நின்றது. ஒரே மண், ஒரே மழை. இருவரும் ஒரே நாளில்தான் விதைத்தார்கள்.

பெரியவன் குந்தி உட்கார்ந்து விரலால் மண்ணைக் கிளறினான். ஒரு மணி கிடைத்தது. எச்சில் தொட்டுத் துடைத்துப் பார்த்தான். முளை கிளம்ப வேண்டிய நுனியில் ஊசி குத்தியதுபோல ஒரு துளை. அடுத்த மணியிலும் துளை. மூன்றாவதை நகத்தால் பிளந்தான். உள்ளே வெறும் மாவு.

வண்டு. சாம்பல் கலந்து அவன் கையாலேயே தகர டின்னில் அடைத்த விதையில் வண்டு ஏற வழியே இல்லை. அப்படியென்றால் இது அவன் விதை இல்லை.

கோடையில் ஊரில் பாதி வீடுகளில் அடுப்பு எரியவில்லை. விதையைத் தின்றவர்கள் நிலத்தைக் கொடுத்துவிட்டு மூட்டையோடு கிளம்பினார்கள். "செத்தாலும் இதுல கை வைக்கக் கூடாது" என்று மனைவியிடம் சொல்லித்தான் டின்னின் மூடியைக் கயிறு போட்டுக் கட்டினான். அப்பா சொல்லிக்கொடுத்த முடிச்சு அது. விதைக்க எடுத்த அன்று சாம்பல் அப்பிய மணியில் துளை தெரியவில்லை, முடிச்சும் அப்படியே இருந்தது. அதை அவிழ்த்து மறுபடி அதேபோலப் போட அப்பாவுக்குத் தெரியும். அவர் படுத்த படுக்கையாகி ஆறு மாதமாகிறது. தனக்குத் தெரியும். மிச்சம் ஒருவன்தான்.

மனைவி தூக்குச்சட்டியோடு வரப்பில் வந்து நின்றாள்.

"இன்னும் ரெண்டு நாள் பாக்கலாங்க. பாதியாவது வரும்."

"வராது. எவனோ விதைய மாத்தியிருக்கான்."

அவள் சட்டியைக் கீழே வைக்கவில்லை. "மாத்தி யாருக்கு என்ன ஆகப்போகுது?"

"அந்தப் பச்சையப் பாத்தா தெரியலையா?"

அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அதுவும் அவனுக்கு உறுத்தியது. இவள் எப்போதுமே கொழுந்தன் கட்சி. கோடையில் அவள் அண்ணன் தன் மில்லில் கூட்டி அள்ளியதென்று ஒரு மூட்டை மக்காச்சோளம் கொடுத்தான். ஒரு மாதம் வீட்டில் கஞ்சி காய்ச்சியது அதை வைத்துத்தான் என்றாள். அதிலும் தினம் ஒரு சட்டி தம்பி வீட்டுக்குப் போனது. பிள்ளை பெற்றவள் பட்டினி கிடக்கலாமா என்று கேட்டு இவன் வாயை அடைத்துவிட்டாள்.

பிளந்த மணியை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு வரப்பைத் தாண்டினான். அவளும் பின்னாலேயே வந்தாள்.

சின்னவன் களை கொத்திக்கொண்டிருந்தான். அவன் மனைவி வரப்போரம் நிழலில் குழந்தையை மடியில் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்னண்ணே, விடிஞ்சதுலேருந்து என் பயிரையே எண்ணிட்டு இருக்க? கணக்கு சரியா இருக்கா?"

"உனக்கு ஏதுடா விதை?"

"பானையில போட்டு அடுப்பு மூலையில புதைச்சு வச்சிருந்தேன்."

"குண்டுமணி தானியம் இல்லன்னு வந்து அழுதியே?"

"அழுதேன். அதுக்காக விதையவா திம்பாங்க? அண்ணி கஞ்சி குடுத்துச்சு, பொழைச்சோம்." சிரித்தான். அண்ணன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "என்ன கேக்க வர்ற நீ?"

பெரியவன் உள்ளங்கையை விரித்தான். "என் டின்னுல இது இருந்துச்சு. முடிச்சு கலையல. அந்த முடிச்சு போட உனக்குத்தான் தெரியும்."

சின்னவன் கொத்தை மண்ணில் குத்தி நிறுத்தினான்.

"நான் திருடன்ங்கிற."

"நான் சொல்லல. பயிர் சொல்லுது."

"அப்பாவைப் பாத்துக்கிறியேன்னு எத்தனையோ பொறுத்துக்கிட்டேன். இது தாங்காதுண்ணே." விறுவிறுவென்று வரப்புக்குப் போனான். மனைவி என்னவென்று கேட்பதற்குள் குழந்தையை வாங்கி இடது கையில் ஏந்தினான். வலது கை குழந்தையின் தலைக்கு மேலே போனது. "கேட்டுக்க. உன் விதையில ஒரே ஒரு மணி என் வயித்துக்குள்ள போயிருந்தா, இந்தப் பிள்ள..."

"தம்பி, வேணாம்!"

தூக்குச்சட்டி வரப்பில் உருண்டது. அவள் அவன் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். இத்தனை வருடத்தில் கொழுந்தனின் விரல் நுனிகூட அவள்மேல் பட்டதில்லை.

"சத்தியம் பண்ணாதீங்க."

"பாத்தியாடா!" பெரியவன் குரல் உயர்ந்தது. "அவளுக்கே தெரிஞ்சிருக்கு!"

குழந்தை விழித்து வீறிட்டது. சின்னவன் அண்ணியையே பார்த்தான். கை இன்னும் அவள் பிடியில் இருந்தது. அவள் கணவன் பக்கம் திரும்பவில்லை. குழந்தையின் உச்சியில் துடிக்கும் மெல்லிய தோலைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"மில்லுல குடுத்தது வண்டரிச்சது. அதுல கஞ்சி வச்ச மொத நாளே மாமனாரு ரத்தமா வாந்தி எடுத்தாரு. அதைத்தான் சாம்பல் போட்டு டின்னுல கொட்டி வச்சேன். முடிச்ச எட்டு வருஷமா பக்கத்துல நின்னு பாத்துட்டுதானே இருக்கேன்."

பெரியவன் உள்ளங்கையிலிருந்த மணியைத் திருப்பிப் பார்த்தான்.

"நீங்க தின்னீங்க தம்பி. அவரும் தின்னாரு, தினம் ரெண்டாவது தடவையும் கேட்டு வாங்கி. அந்த மாசம் பூரா என் அடுப்புல வெந்தது விதை."