திரும்பி வராத இணைப்புகள்

இருபதில் இருபதும் போயிருந்தன. தேனாம்பேட்டை டயாலிசிஸ் மையத்தின் வரவேற்பு மேசைக்குப் பின்னால் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்த மதுமதி அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். எந்த நோயாளிக்கு எந்த இயந்திரம், எவ்வளவு நேரம் என்று சொல்வது அவள் எழுதிய செயலிதான். அதற்கும் தகவல்கள் இருக்கும் சர்வருக்கும் நடுவே இருபது இணைப்புகள். ஒரே சமயத்தில் ஓடும் அத்தனை த்ரெட்டுகளும், அதாவது தனித்தனி வேலை ஓட்டங்களும், அந்த இருபதைத்தான் பொதுவில் வைத்துப் புழங்க வேண்டும். வேலை முடிந்ததும் திருப்பி வைக்க வேண்டும். எதுவோ எடுத்துக்கொண்டு போய்த் திருப்பி வைக்காமலே இருந்தது. மூன்றாவது நாளாகக் காலை ஒன்பதரைக்கு எல்லாம் உறைந்து நின்றது.

"மிசினு காலியாதான் கீது, கண்ணாடில தெரியுது. அப்புறம் இன்னாத்துக்கும்மா உக்கார வச்சிகினு கீறீங்க?" என்றாள் முனியம்மாள். டயாலிசிஸுக்காக இரண்டு பஸ் மாறி வந்தவள். வீங்கிய கால்கள் செருப்புக்குள் நுழையாமல் தரையில் கிடந்தன.

"போன தடவை எவ்வளவு தண்ணி எடுத்தோம்னு அதுலதான் இருக்கும்மா. தெரியாம போட முடியாது" என்றாள் நர்ஸ்.

மதுமதிக்குப் பக்கத்தில் டில்லிபாபு குனிந்து பதிவுகளைப் படித்துக்கொண்டிருந்தான். ஒப்பந்தத்தில் சேர்ந்து நாலு மாதம். போன வாரம்தான் ரத்தப் பரிசோதனை முடிவுகளைக் காட்டும் புதுப் பக்கத்தைச் சேர்த்திருந்தான். "அவன் பக்கம் வந்தப்புறம்தான் இந்தத் தொல்லை. இன்னியோட அவனை அனுப்பிடலாம்" என்று மேலாளர் ஜவஹர் காலையில் போனில் சொன்னபோது மதுமதி மறுக்கவில்லை.

"அக்கா, ரிப்போர்ட் இல்லாதவங்க பேரு வரச்சொல்லதான் கனெக்‌ஷன் ஒண்ணொண்ணா போவுது."

அவன் காட்டிய இடத்தைத் திறந்தாள். ரிப்போர்ட் கிடைக்காவிட்டால் செயலி பாதியிலேயே வெளியேறியது. இணைப்பைத் திருப்பி வைக்கும் வரிக்கு வந்து சேரவே இல்லை. எழுதியவர் பெயர்: மதுமதி. மூன்று வருடத்துக்கு முந்தைய தேதி. இத்தனை நாள் யாரும் அதிகம் போகாத வழி. புதுப் பக்கம் தினமும் அதன் வழியாகத்தான் போனது. ஓரத்தில் டில்லிபாபு போன வாரம் எழுதிய கேள்வி ஒன்றும் இருந்தது: 'இங்க எரர் வந்தா கனெக்‌ஷன் திரும்பி வருமா?' கீழே அவளுடைய பதில்: 'வரும். பார்த்துட்டேன்.'

அவள் பார்க்கவில்லை. அன்று ஏதோ அவசரத்தில் இருந்தாள். என்ன அவசரம் என்பதுகூட இப்போது நினைவில்லை. அவனும் அதைப் படித்திருப்பான். பதிவுகளிலேயே கண் வைத்திருந்தான்.

இரண்டு வரி மாற்றினால் போதுமாயிருந்தது. செயலியை மறுபடி இயக்கியதும் எண் பூஜ்ஜியத்திலிருந்து ஏழுக்கு ஏறியது, மூன்றுக்கு இறங்கியது, மறுபடி ஐந்தானது. நர்ஸ் முனியம்மாளின் பெயரைக் கூப்பிட்டாள்.

போன் அடித்தது. ஜவஹர். "சரியாயிடுச்சா? அவன் எழுதின கோடுதானே?"

ஆமாம் என்று சொல்லக்கூட வேண்டாம். சும்மா இருந்தாலே போதும்.

"இல்ல ஜவஹர். என்னோடது. அவன் முன்னாடியே கேட்டான். நான் பார்க்காமலே பார்த்துட்டேன்னு சொல்லிட்டேன்."

"சாயந்தரம் ஆபீஸ் வா. பேசலாம்."

அவள் போனை வைத்ததும் டில்லிபாபு கேட்டான். "என்னைத் தூக்கறதா இருந்தாங்களாக்கா?"

"ஆமா."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"காலையில ஒண்ணும் சொல்லல."

அவன் தலையாட்டினான். கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வெளியே போனான். கண்ணாடிக் கதவுக்கு அப்பால், அண்ணா சாலை நடைபாதையில் நின்று யாருடனோ போனில் பேசினான். சிரிக்கிறானா என்று தெரிந்துகொள்ள மதுமதி எட்டிப் பார்த்தாள். பேருந்து ஒன்று வந்து அவனுக்குப் பின்னால் நின்றது; அதன் கண்ணாடிகளில் அடித்த வெயிலில் அவன் முகம் தெரியவில்லை.