நாலாம் குழியும் ஐந்தாம் குழியும்

அனூப்புக்குத் தன் கடையில் இருந்த எல்லாவற்றையும்விட அந்த மஞ்சள் தட்டின்மேல்தான் பிரியம். மட்டாஞ்சேரி பஜாரில் சாவி வெட்டுகிற கடைகள் வேறும் உண்டு. ஆனால் இப்படி ஒரு தட்டு எவனிடமும் கிடையாது என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொள்வான். பள்ளுருத்தியில் இருக்கிற சிநேகிதன் ஜிதின், இணையத்தில் யாரோ போட்டிருந்த வரைபடத்தை இறக்கித் தன் த்ரீடி பிரிண்டரில் அச்சிட்டுக் கொடுத்தது. பூட்டைப் பிரித்தால் உள்ளிருந்து கொட்டுகிற பொடிச் சாமான்களை வைக்க வரிசையாகக் குழிகள். பூட்டின் முதல் துளையில் இருந்த பின்னும் ஸ்பிரிங்கும் முதல் குழியில், இரண்டாவது துளையில் இருந்தவை இரண்டாவதில், அப்படியே போகும். மேலே நகர்த்தி மூட ஒரு மூடி. தும்மினால்கூட ஒன்றும் பறக்காது.

அந்த மூடிதான் அவனைக் கவிழ்த்தது.

செவ்வாய்க்கிழமை காலை ஓர் அலமாரிப் பூட்டைப் பிரிக்க உட்கார்ந்தவன் மூடியை முழுக்க இழுத்தான். நாலாம் குழியிலும் ஐந்தாம் குழியிலும் பின்கள் கிடந்தன, புத்தம் புதுப் பித்தளையில். அந்தத் தட்டில் அவன் கடைசியாகப் பிரித்தது வெங்கிடராமன் சாமி வீட்டு வாசல் பூட்டு. அவன் பின்களை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

சாமி வீட்டு மாடியில் குடியிருந்தவன் சாவியைத் திருப்பித் தராமலே காலி செய்துவிட்டுப் போயிருந்தான். பூட்டு இருக்கட்டும், பழைய சாவி செல்லாதபடி உள்ளே மட்டும் மாற்றிக் கொடு என்றார் சாமி. சுலபமான வேலைதான். ஐந்து துளைகளில் இரண்டில் மட்டும் வேறு உயரத்துப் பின்களைப் போட்டு, புதுச் சாவியில் அந்த இரண்டு பல்லை மாற்றி வெட்டினால் போதும். பழைய சாவி அங்கே தடுக்கி நின்றுவிடும். அவன் தேர்ந்தெடுத்த துளைகள் நாலும் ஐந்தும்.

பூட்டைத் திரும்பச் சேர்க்கிற நேரத்தில் அனூப் ஐயா என்ன செய்துகொண்டிருந்தார்? செல்போனை நிறுத்திவைத்துத் தட்டைப் பற்றி ரீல் எடுத்துக்கொண்டிருந்தார். கை பூட்டில், கண் கேமராவில், வாய் தட்டின் பெருமையில். மூடி பாதிவரைதான் திறந்திருந்தது. கண்ணில் பட்ட மூன்று குழிகளைக் காலி செய்துவிட்டு, வேலை முடிந்தது என்று பூட்டை மூடிவிட்டான். இரண்டு துளை வெறுமையாகக் கிடந்தால் புதுச் சாவி வழுக்கிக்கொண்டு திரும்பாமல் என்ன செய்யும்? பார்த்தீர்களா தட்டின் மகிமை என்று அதையும் ரீலில் சேர்த்தான். இப்படி மாற்றிக் கொடுக்கும்போது பழைய சாவியையும் போட்டு, அது திரும்பவில்லை என்று பார்த்த பிறகுதான் பூட்டைக் கையில் கொடுக்க வேண்டும். எந்தச் சாவிக்காரனும் அதை விடமாட்டான். தட்டு இருக்க அதெல்லாம் எதற்கு என்று இவன் விட்டான்.

புதுச் சாவி ஒன்று சாமியிடம் இருந்தது, இன்னொன்று காளியம்மையிடம். காளியம்மை அனூப்பின் தெருக்காரி. காலையில் கார்ப்பரேஷனில் தெரு கூட்டுவாள், மத்தியானம் சாமி வீட்டில் வேலை. அந்த வேலையைச் சொல்லி வாங்கிக் கொடுத்ததே அனூப்தான். கார்ப்பரேஷனில் அவள் இன்னும் தற்காலிகம். இந்த வருஷமாவது நிரந்தரம் ஆகும் என்று காத்திருந்தாள். அந்த நேரம் பார்த்துச் சாமியும் மாமியும் திருப்பூணித்துறையில் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பினால், பூஜை அறையில் தீர்த்தம் வார்க்கிற வெள்ளிக் கிண்டியைக் காணோம். கதவு உடையவில்லை, ஜன்னல் நெளியவில்லை. சாமி யாரையும் ஒரு சொல் சொல்லவில்லை. காளியம்மையிடம் சாவியை மட்டும் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

பின்களைக் கண்டெடுத்த அன்றைக்கே சாயங்காலம் காளியம்மை கடைக்கு வந்தாள். கார்ப்பரேஷனில் கொடுத்த மேல்சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

"மோனே, நான் அங்ஙன செய்வேனாடா?"

"யாரு சொன்னா சின்னம்மை, நீங்க எடுத்தீங்கன்னு?"

"யாரும் சொல்லல. சொல்லாம இருக்காங்க பாரு, அதுதான் பொறுக்கல. கேஸு ஆச்சுன்னா கார்ப்பரேஷன்ல பேரை வெட்டிருவாங்க. பின்னே நான் எங்க போவேன்?"

பின்கள் அவன் சட்டைப் பையில் இருந்தன. அவன் எதிர்க்கடையிலிருந்து சாயா வாங்கிவந்தான். "எல்லாம் சரியாவும் சின்னம்மை, குடிங்க" என்றான்.

"நீயாவது என்னை விஸ்வசிக்கியே. அது போதும்" என்று சொல்லி, கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் குடித்தாள். அனூப் தன் சாயாவைத் தொடவே இல்லை. அவ்வளவு கேவலமாக அவன் தன்னை அதற்குமுன் உணர்ந்ததில்லை.

நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தான். மறுநாள் ஆனதும், சொன்னால் கடை என்ன ஆகும் என்று நினைத்தான். சாவிக்காரனை நம்பாத ஊரில் அவன் எதை வெட்டிப் பிழைப்பது? அந்த ரீலை நீக்கினான். அதை மட்டும் உடனே செய்யத் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை சாமியே கூப்பிட்டனுப்பினார். காளியம்மையையும் வரச்சொல்லியிருந்தார். அவள் படி ஏறாமல் கேட்டருகில் நின்றாள்.

"ஸ்டேஷனுக்குப் போகலாம்னு இருக்கேன் அனூப். பூட்டைக் கழட்டிப் பாத்துட்டு, இது வேற எந்தச் சாவிக்கும் திறக்காதுன்னு நீ ஒரு வார்த்தை சொல்லணும். அவ எதிர்லயே சொல்லு. அதுதானே நியாயம்?" என்றார் சாமி. மாமி காப்பிக்குக் கூப்பிடவே உள்ளே போனார்.

அனூப் தட்டை மடியில் வைத்துக்கொண்டு கதவருகே குந்தினான். இரண்டு பின்னையும் உள்ளே போட்டு மூடினால் தீர்ந்தது. பூட்டு யோக்கியமாகிவிடும், எந்த நிபுணன் வந்து பார்த்தாலும் ஒரு குறை சொல்லமுடியாது. அவன் கடை பிழைத்துக்கொள்ளும். கையைப் பையில் விட்டும் விட்டான்.

"நல்லா பாரு மோனே," என்றாள் காளியம்மை கேட்டருகிலிருந்து. "நீ பாத்தா தெரியும்."

அவனால் அதற்குமேல் முடியவில்லை. ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தான். "சாமி, உங்க பழைய சாவி கையில இருக்கா?" என்று உள்ளே பார்த்துக் கத்தினான்.

சாமியின் கொத்திலேயே அது இருந்தது. எறிய மனமில்லாமல் வைத்திருந்ததை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். அனூப் கதவைச் சாத்திப் பூட்டினான், பழைய சாவியைப் போட்டுத் திருப்பினான். கதவு திறந்துகொண்டது.

"மாத்தின அன்னைலேர்ந்து இப்படித்தான் சாமி. மாடியில இருந்தவர் கையில இருக்கற சாவிக்கும் இது திறக்கும். மாத்தவேண்டிய ரெண்டு துளையில ஒண்ணும் போடாம விட்டுட்டேன். தப்பு என்னோடது." பின்களை உள்ளங்கையில் கொட்டிக் காட்டினான்.

சாமிக்குக் காளியம்மை நின்ற பக்கம் உடனே திரும்ப முடியவில்லை. பிறகு உள்ளே போய் அலமாரியிலிருந்து அவளுடைய சாவியை எடுத்து வாசலுக்கு வந்தார். "ஒன்னை நான் சந்தேகப்பட்டுட்டேன், காளியம்மை. மன்னிச்சுக்கோ. நாளைலேர்ந்து வா" என்றார்.

அவள் படி ஏறி வந்து சாவியை வாங்கிக்கொண்டாள். அவள் பார்வை அனூப்பின் உள்ளங்கையிலேயே இருந்தது.

"இதை எப்ப கண்டே?"

"செவ்வாய்க்கிழமை."

"காலைலயா, நான் வந்துபோன பின்னாடியா?"

பொய் சொல்ல அப்போதும் இடம் இருந்தது. "காலைல" என்றான்.

"அப்போ எனக்குச் சாயா வாங்கித் தரும்போ இது உன் பையில கிடந்துது." அவள் குரலை உயர்த்தவே இல்லை. "சாமிக்கு அறியாது. அறியாம சந்தேகப்பட்டாரு. நீ அறிஞ்சுட்டுதான் எனக்கு ஆறுதல் சொன்னே."

அனூப் குனிந்து பூட்டைக் கழற்றினான். ஒவ்வொரு குழியாகத் தொட்டுப் பார்த்துப் பின்களைப் போட்டான். தட்டு சுத்தமாகக் காலியானது. பூட்டைக் கதவில் மாட்டி முடித்ததும் பழைய சாவியைப் போடப் போனான்.

"இங்க கொண்டா" என்றாள் காளியம்மை.

சாவியை அவளே வாங்கி, பூட்டில் போட்டு அழுத்தித் திருப்பிப் பார்த்தாள். அசையவில்லை. எடுத்து மறுபடியும் போட்டுப் பார்த்தாள். அனூப் வெட்டிய சாவியை அவள் அதுவரை ஒருநாளும் சோதித்து வாங்கியதில்லை.