மருமகள் என்று ஒரு வார்த்தை

காரைக்குடியிலிருந்து பினாங்குக்குச் சுற்றுலா வந்த பதினெட்டுப் பேரில், சத்தியமூர்த்தி ஒருவர்தான் ஊர் பார்க்க வராதவர். இறந்துபோன மகனின் மனைவியைப் பார்க்க வந்திருந்தார். அவளை இதுவரை நேரில் பார்த்ததில்லை.

மகன் முருகப்பன் இந்தத் துறைமுக ஊரில் கப்பல் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தவன். இங்கேயே பிறந்து வளர்ந்த அகல்யாவை ஐந்து வருடத்துக்கு முன் கட்டிக்கொண்டான். அவள் இவர்களைப் போல நகரத்தார் செட்டியார் வீட்டுப் பெண் இல்லை. அதனால் குலக்கோயிலிலிருந்து கல்யாண மாலை வராது. மாலை வராத கல்யாணம் அவர்கள் வழக்கத்தில் கல்யாணமே இல்லை. சத்தியமூர்த்தியும் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார். "பையனுக்கு இன்னும் பொண்ணு பாத்துக்கிட்டுத்தான் இருக்கோம்" என்று காரைக்குடிப் பக்கத்துத் தன் ஊரான கண்டரமாணிக்கம் முழுக்கச் சொல்லித் திரிந்தார். போன ஆவணியில் முருகப்பன் மாரடைப்பில் போனான். உடம்பு ஊருக்கு வந்தது. "நீ வர வேணாம்மா" என்று அகல்யாவிடம் போனில் சொல்லிவிட்டார். கல்யாணமாகாத பிள்ளையாகவே அவனைக் கொண்டுபோய் எரித்தார்கள். பெற்றவன் செய்கிற வேலையா அது?

மூட்டுவலியால் வர முடியாத மனைவி மெய்யம்மை, கிளம்பும்போது வாசலை மறித்து நின்றாள்.

"மாலை வந்துச்சோ வரலையோ, அஞ்சு வருசம் எம்புள்ளைக்குச் சோறு பொங்கிப் போட்டவ அவ. நாலு பேரு முன்னாடி 'எம் மருமக'ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்க. சொல்லாம வந்தீக, என் மூஞ்சியில முழிக்காதீக."

ஜார்ஜ் டவுன் கோட்டை, செட்டியார்கள் வட்டிக்கடை நடத்திய பழைய கிட்டங்கிகள், தண்ணீர்மலை முருகன் கோயில் என்று மற்றவர்கள் இரண்டு நாளும் படம் எடுத்துத் தள்ளினார்கள். சத்தியமூர்த்தி அந்த ஒரு வார்த்தையை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே நடந்தார்.

மூன்றாம் நாள் பத்து ஃபெரிங்கி என்ற கடற்கரைக்குப் போனார்கள். எல்லாரும் தண்ணீரில் இறங்க, இவர் மரத்தடியில் உட்கார்ந்தார். அகல்யா சொன்ன நேரத்துக்கு வந்தாள். படத்தில் பார்த்ததைவிட மெலிந்திருந்தாள்.

"சாப்பிடுங்க மாமா" என்று டப்பாவைத் திறந்தாள். உள்ளே செட்டிநாட்டுக் கவுனி அரிசி இனிப்பு. "அவர்தான் சொல்லிக் கொடுத்தாரு. சரியா வந்திருக்கா?"

அப்படியே மெய்யம்மை கைப்பக்குவம். வயசான மனுஷர் வெட்கத்தை விட்டு அழுதார்.

"தப்புப் பண்ணிட்டேன் தாயி. உன்னை அவன் முகத்தைக்கூடப் பாக்க விடாமப் பண்ணிட்டேன்."

"பரவால்ல மாமா. ஒரு தடவை உங்க வீட்டுக்கு வரணும். அவர் படிச்ச அறையில கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வந்தா போதும்."

"அது உன் வீடு. நீ எப்ப வேணாலும் வா."

அவள் முகம் அப்போதுதான் தெளிந்தது.

அந்த நேரம் பார்த்து மீனலோசனி ஆச்சி கரையேறி வந்தாள். அவர் தெருவில் இரண்டு வீடு தள்ளி இருப்பவள். பின்னாலேயே ஊர்க்காரர்கள் நாலைந்து பேர்.

"யாருண்ணே இந்தப் புள்ள?"

சத்தியமூர்த்தி வாயைத் திறந்தார். இத்தனை பேர் முகத்தையும் பார்த்ததும், ஐந்து வருடமாகச் சொன்ன பொய் முந்திக்கொண்டது.

"நம்ம முருகப்பன் ஆபீஸ்ல... கூட வேலை பாத்த புள்ள."

அகல்யா அவரைப் பார்க்கவில்லை. டப்பாவை மெதுவாக மூடினாள்.

"ஆமாங்க. கூட வேலை பார்த்தேன். நல்ல மனுஷர்."

எல்லாருக்கும் பொதுவாகக் கைகூப்பிவிட்டு மணலில் நடந்து போனாள். கூப்பிட்டிருக்கலாம்.

பஸ் கிளம்பிக் கொஞ்ச தூரம் போனபிறகுதான் உடைந்தார். பக்கத்து இருக்கையில் மீனலோசனி ஆச்சி காலில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"ஆச்சி, அது எம் மருமக."

"தெரியும்ணே." ஆச்சி நிமிரவில்லை. "கல்யாணம் முடிஞ்ச அன்னைக்கே முருகப்பன் எம்மகனுக்குப் படம் அனுப்பிட்டான். ஊருல தெரியாதவுக யாரு? இன்னைக்காச்சும் உங்க வாயால சொல்லுவீகன்னுதான் கேட்டேன்."

சத்தியமூர்த்தி போனை எடுத்து அகல்யாவை அழைத்தார். பஸ் முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட வேண்டும். இரண்டாவது மணியிலேயே அவள் எடுத்தாள்.

"சொல்லுங்க அங்கிள். ஏதாச்சும் வச்சிட்டுப் போயிட்டீங்களா?"